நாடா சாப்பிட்டானா?

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாடா, வெளியே நான், இரண்டு நாற்காலி தள்ளி என் கணவர் ஆவுடையப்பன். மேசைமேல் வெறும் கூண்டு. அதற்குள் என் பழைய துப்பட்டா சுருண்டு கிடக்கிறது, அவன் படுத்திருந்த பள்ளம் இன்னும் அதில் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்திருப்பார்களா, இன்னும் இல்லையா. பயந்திருப்பான். பயந்தால் முதுகை வளைத்துக்கொண்டு, வாலைப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடப்பான். அந்த எஃகு மேசையில் பின்பக்கமாக நடக்க எங்கே இடம். "என்னம்மா, கீரியா?" என்று கேட்டாள் எதிரே மடியில் முயலோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள். இல்லைங்க, ஃபெர்ரெட், பார்க்கக் கீரி மாதிரி இருக்கும், வீட்டுல வளர்க்கிற சாதி, என்றேன். "அப்படியா. என்ன சாப்பிடும்?" கறி மட்டும்தாங்க. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கு கசந்தது. கறி மட்டும்தான். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், துறைமுகத்தில் என் கூட வேலை பார்ப்பவர்களிடம், மாடிவீட்டுக்காரர்களிடம், சற்று முன்னால் இதே கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் நஸ்ரினிடம். ஆவுடை தலையைத் தூக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் செருப்பில் அப்படி என்ன இருக்கிறது.

காலையில்தான் கண்டேன். இன்று எனக்கு விடுமுறை, எழுந்து அவன் மணல் தொட்டிப் பக்கம் போனால், வாலைத் தூக்கிக்கொண்டு நின்று முக்குகிறான், ஒன்றும் வரவில்லை, திரும்பித் தன்னையே நக்குகிறான், மறுபடி முக்குகிறான். ஒரு சத்தம் போட்டான். நாடா சந்தோஷத்தில் போடும் சத்தம் எனக்குத் தெரியும், கோழிக்குஞ்சு கொக்கரிக்கப் பழகுகிற மாதிரி இருக்கும். இது அதில்லை. கதவுக் கீல் கிறீச்சிடுவது மாதிரி. ஆவுடையை எழுப்பினேன். "மலச்சிக்கலா இருக்கும், வெயிலுக்கு" என்றார், உடனே, தூக்கம் கலையாத குரலில், ஆனால் உடனே. இப்போது நினைத்தால் அந்த 'உடனே' மேல்தான் போய் முட்டுகிறது மனசு. அப்போது நான் எதையும் பார்க்கவில்லை. துப்பட்டாவில் சுற்றிக் கூண்டில் வைத்து, ஆட்டோ பிடித்து, வேளச்சேரி பாலத்து நெரிசலில் கூண்டை மடியில் அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டு போயிருடா, ஒரே ஒரு சொட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டர் வயிற்றைத் தடவினார், எலுமிச்சங்காய் மாதிரிக் கல்லாக இருக்கிறது மூத்திரப் பை, எக்ஸ்ரே எடுத்தார். கறுப்புப் படத்தில் நாடாவின் முதுகெலும்பு சீப்புப் பல் மாதிரி அழகாக ஓடியது, அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். நான் கற்களைப் பார்க்காமல் முதுகெலும்பையே பார்த்தேன்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்றார் டாக்டர். சொன்னேன். கோழிதான் டாக்டர், முழுக்கக் கோழி. இதயம், ஈரல், கழுத்து, தோலோட தொடைக்கறி, வாரம் ஒரு தடவ காடை. ஞாயிற்றுக்கிழமை நானே வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு உறையவச்சிடுவேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையச் சொல்லுங்கம்மா, நான் திட்டமாட்டேன்." உண்மைதான் டாக்டர். "கறி மட்டும் திங்கிற உடம்புல இந்த மாதிரிக் கல்லு லேசுல கட்டாது. பட்டாணி, சோயா, சோளம்னு செடியிலேர்ந்து வர்ற சாப்பாடே போய்க்கிட்டிருந்தா, யூரின்ல இருக்கிற அமிலம் குறைஞ்சுபோகும். அப்பதான் கல்லு வளரும். இதுங்களுக்குக் குடல் ரொம்பக் குட்டை. உள்ள போனது மூணு நாலு மணி நேரத்துல வெளிய வந்துடும். செடியச் செரிக்க அதுக்கு நேரமும் இல்ல, நமக்கு இருக்கிற மாதிரி தங்கவைக்கிற இடமும் இல்ல. வயிறு ரொம்பும், உடம்புக்கு ஒண்ணும் சேராது. பாருங்க, முதுகுல கை வச்சா எலும்பு தட்டுது. முடி எப்படிச் சொரசொரன்னு இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி இருக்கா டாக்டர் என்று கேட்டுவிட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று பக்கத்தில் திரும்பினேன். நீங்க சொல்லுங்க ஆவுடை, பகல்ல நீங்கதானே குடுக்கிறீங்க. ஆவுடை சுவரில் ஒட்டியிருந்த நாய்த் தடுப்பூசி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக, "சரி, முதல்ல ஆபரேஷன் பண்ணுவோம்" என்றார். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். சென்னைப் பேச்சு எங்கே போனதோ, தூத்துக்குடி தானாக வாயில் வந்து நின்றது. "என்ன குடுத்திய அவனுக்கு?" செலி, மெதுவா, ஆள் இருக்கு, என்றார் ஆவுடை. "என்ன குடுத்தியன்னு கேக்கேன்." சைவச் சாப்பாட்டுக்காரரான அவர் தரையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். ஆன்லைனில் ஒரு தீனி வருகிறதாம், பூனைக்கு, சுத்த சைவம், சோயாவும் பட்டாணியும், புரதம் கறியைவிட அதிகம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதாம். வெந்நீரில் ஊறவைத்து, கொஞ்சம் நெய் விட்டு. "எம்புட்டு நாளா?" தீபாவளி முடிஞ்சதுலேர்ந்து. தீபாவளி. இப்போது சித்திரை வெயில் கொளுத்துகிறது. "முதல்ல எல்லாம் நீ வெட்டிவச்சதத்தான் குடுத்தேன் செலி, சத்தியமா. கையில உறை, மூக்குல துணி கட்டிக்கிட்டு இடுக்கியால எடுத்து வைப்பேன். ஒருநா டப்பாவத் தொறந்தா, அந்த இதயம் எல்லாம் உருகி... குட்டி குட்டியா... ரத்தத்தண்ணியில மெதந்துது. வாந்தி எடுத்துட்டேன். அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல. உங்கிட்ட எப்படிச் சொல்ல? நான்தானே கல்யாணத்துக்கு முன்னாடியே, ஒனக்கு என்ன புடிக்குமோ அது நம்ம வீட்டுல இருக்கலாம்னு வார்த்தை குடுத்தேன். வார்த்தையக் குடுத்துட்டு மாறிட்டான்னு நீ நெனைப்பேல்லா." இப்ப நான் என்ன நெனைக்கேன்னு நெனைக்கிய, என்றேன். முயல் வைத்திருந்த அம்மாள் முயலின் காதை நீவிக்கொண்டே எங்களைக் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னொன்றும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவன் எப்படித் தின்னான் அதை? கறி வாசம் இல்லாம இவன் மோந்தே பார்க்கமாட்டானே. "மொதல்ல திங்கல." பெறகு? "பசிச்சா தானா சாப்பிடும்னு... விட்டுட்டேன்." எவ்வளவு நேரம்? அவர் குனிந்து தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கேயேதான் நிற்கிறது மனசு. வேறு எங்கே இழுத்துப்போனாலும் கயிறு கட்டிய கன்று மாதிரி அங்கேயே வந்து நிற்கிறது. பசிச்சா தானா சாப்பிடும். நாடாவுக்குப் பசி என்றால் அது நம் பசி இல்லை. நாலு மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே சோர்ந்துபோவான், பின்னங்கால் தள்ளாடும். அதற்குத்தான் அத்தனை டப்பாக்கள், அதற்குத்தான் அத்தனை முறை சொன்னது, ஆவுடை, இவனப் பட்டினி போடவே கூடாது, கேட்டீங்களா, கூடவே கூடாது. கேட்டுக்கொண்டார். தலையாட்டிக்கொண்டார். பிறகு தெரிந்தே கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் யாருடைய வரிக்கணக்கையோ தட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நாடா அவர் காலடியில் வந்து நின்றிருப்பான். குதிகாலை மெல்லக் கவ்வியிருப்பான், பசி என்றால் அவன் அப்படித்தான் சொல்வான். குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்திருப்பான், வா, இங்கேதானே இருக்கு, வா. அந்த நேரத்தில் நான் எண்ணூரில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, எந்தக் கண்டெய்னரைக் கப்பலில் எந்த அடுக்கில் வைத்தால் கப்பல் சாயாது என்று படம் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். சாப்பாட்டு வேளையில் போன் பண்ணியிருப்பேன். நாடா சாப்பிட்டானா? ஓ, சாப்பிட்டானே.

வெறுமனே 'சாப்பிட்டான்' என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோழிக் கழுத்த ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு கறுக் கறுக்குன்னு கடிக்கான், கேக்குதா, என்பார், நான் கேட்கிறது கேட்கிறது என்று சிரிப்பேன். எதைக் கேட்டேன் நான்? இன்னைக்கு ஈரலை சோபாவுக்கு அடியில் ஒளிச்சு வச்சிட்டான், நீ வந்து தேடு என்பார், வேலை முடிந்து வந்து நானும் கைவிளக்கை வைத்துக்கொண்டு தரையில் படுத்துத் தேடியிருக்கிறேன், அவரும் பக்கத்தில் படுத்துத் தேடினார், இல்லாத ஈரலை, ரெண்டு பேரும், தலையோடு தலை இடித்துக்கொண்டு. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது எங்கே கொண்டு போய் வைப்பது? பயத்தில் ஒரு பொய் சொல்வது எனக்குப் புரியும், யாருக்குத்தான் புரியாது. இது பயம் இல்லை. உட்கார்ந்து யோசித்து, உப்புப் புளி சேர்த்து, எனக்குப் பிடித்த பதத்தில் சமைத்துத் தினமும் பரிமாறியிருக்கிறார். நானும் தின்றிருக்கிறேன். அப்புறம் அந்த நாய்கள். கேட்டுக்கு வெளியே இருக்கிற நாலைந்து தெருநாய்கள், ஆவுடை தலை தெரிந்தால் போதும், வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து மேலே விழும். பாத்தியா, ஒரு துண்டு கறி தொடாத மனுஷன், நாய்க்குக்கூட நல்லவன் யாருன்னு தெரியுது என்று என் தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறேன். என் டப்பாக்கள் அங்கேதான் போயிருக்கின்றன. ஞாயிறு முழுக்க நின்று, எலும்பு நுனி குத்தாமல் தட்டி, ஈரலை அளவாகச் சேர்த்து நான் அடைத்த டப்பாக்கள். நாய்கள்மேல் கோபம் இல்லை, தின்றுவிட்டுப் போகட்டும். அவை வாலாட்டும்போது இவர் முகத்தில் ஒரு வெட்கம் மாதிரி வருமே, அதைப் பார்த்து, தன்னடக்கம் என்று நினைத்தேனே.

தெரியாமலா இருந்தது எனக்கு? எத்தனையோ தடவை தெரிந்தது. நான் வீட்டில் இருக்கும் நாட்களில் கறி வைத்தால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனான். என் கை பட்டால் துள்ளுகிறவன், என் விரலை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னக் குட்டியாக இருக்கும்போது எந்த வாசனையைச் சாப்பாடு என்று பழகுகிறதோ அதைத்தான் இந்தச் சாதி கடைசிவரை சாப்பாடு என்று நம்பும் என்று படித்துவிட்டு, ராப்பகலாக அரைத்த கோழியை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு நாக்கில் தடவிப் பழக்கியவள் நான். அவன் திரும்பிக்கொண்டபோது, வெயிலுக்கு மந்தமா இருக்கு செலி, ஏசிய இன்னும் கொஞ்சம் கூட்டு என்றார் இவர். கூட்டினேன். மணல் தொட்டியில் விழுவது முன்பு மாதிரி இல்லை, நிறைய, வெளுத்து, குருணை குருணையாக. மருந்து குடுத்தேன்ல, பூச்சி மருந்து, அதான் என்றார். அதையும் எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தேகம் வராமல் இருந்தது நாடாமேல் பாசம் குறைந்ததாலா, இவர்மேல் பாசம் கூடியதாலா. கல்யாணம் ஆன புதிதில் நான் வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்திக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை, இவர் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் படும் பாடு பார்த்து நானே நிறுத்தினேன். அதற்குப் பதிலாகத்தான் நாடா. இவனுக்குக் கறி உண்டு என்று இவர் வாயாலேயே சொன்னபோது, என் வீட்டில் எனக்கும் ஒரு மூலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூலையை ஓசையில்லாமல் கழுவித் துடைத்துவிட்டிருக்கிறான் இவன். இவன். என் கணவரை மனசுக்குள்கூட இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

இந்நேரம் வயிற்றைத் திறந்திருப்பார்கள். எவ்வளவு சின்ன வயிறு, என் இரண்டு விரல் அகலம். இதயம் நின்றுவிட்டால்? மூச்சு நின்றுவிட்டால் டாக்டர் ஓடிவந்து சொல்வாரா, மெதுவாக நடந்து வந்து சொல்வாரா? மெதுவாகத்தான் வருவார். காலடிச் சத்தம் மெதுவாகக் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஆவுடை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். காகித டம்ளர், விளிம்பு வரை தண்ணீர். குடி செலி. வாங்கவில்லை. நாற்காலிக்குக் கீழே வைத்தார், கால்படாமல் ஓரமாக, ஒவ்வொன்றையும் இப்படிக் கவனமாகத்தான் செய்வார். "செத்துப் போவான்னு நெனச்சு செய்யல" என்றார். தெரியும். "அவன் நம்ம மாதிரி மாறிடுவான்னு நெனச்சேன்." தெரியும். அதுதான், அது ஒன்றுதான். மீனை விட்ட என்னை மாதிரி மாறிவிடுவான் என்று நினைத்திருக்கிறார்.

கதவு திறந்தது. மெதுவாகவா வேகமாகவா என்று கவனிக்கவே இல்லை, எழுந்துவிட்டேன். டாக்டர் நஸ்ரின் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியபடி, "பிழைச்சுக்கிட்டான்" என்றார். "கல்லெல்லாம் எடுத்தாச்சு. யூரின் போகுது. ஆனா இப்பவே கொஞ்சம் சாப்பிட்டாகணும், வயிறு காலியா இருந்தா ரத்தத்துல சர்க்கரை எறங்கிடும். பழைய தீனி கூடவே கூடாது, கறிதான். உள்ள வாங்க." முயல் அம்மாள் "ஆண்டவரே" என்றாள். உள்ளே துணிமேல் நாடா கிடந்தான். வயிற்றில் முடி மழித்து, தையல் போட்டு, கண் பாதி மூடி, நனைந்த கயிறு மாதிரி. நர்ஸ் ஒரு கிண்ணத்தில் வேகவைத்து அரைத்த கோழியைத் தந்தாள். விரலில் தொட்டு அவன் வாயருகே கொண்டுபோனேன். நாடா, கண்ணு, இந்தா. மோந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி. மறுபடியும் திருப்பிக்கொண்டான், உதட்டில் தடவினால் தலையை உதறினான். "இப்ப வற்புறுத்தினா அடுத்து தொடவே மாட்டான்" என்றார் டாக்டர். "வீட்டுல இவனுக்கு யார் ஊட்டுவாங்க? அவங்க கை வாசனைன்னா ஒருவேளை எடுத்துக்குவான்."

இதையும் இவரிடம் கேட்க வேண்டுமா? என் குட்டி, என் விரலில் பழகியவன். வேண்டாம் என்று எனக்குள் ஒரு குரல், நாடாவின் பின்னங்கால் ஒருமுறை வெட்டி இழுத்தது, அவ்வளவுதான், திரும்பி வாசலைப் பார்த்து, "வாங்க" என்றேன். ஆவுடை வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். நர்ஸ் உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வெறும் விரலைக் கோழிக்குள் விட்டு எடுத்தார், கண்ணில் நீர் முட்டியது, குமட்டலா அழுகையா எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. விரல் அருகே போனதும் நாடாவின் மூக்கு அசைந்தது. கண் திறந்தது. நாக்கு வெளியே வந்து ஒருமுறை நக்கியது, நிறுத்தியது, மறுபடி நக்கியது, பிறகு அந்த விரலை இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டான். தன்னைப் பட்டினி போட்டவன் விரலை. அவனுக்கு அதெல்லாம் இல்லை. சாப்பாடு இந்தக் கையிலிருந்து வரும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. எனக்கு நெஞ்சில் நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக ஏறின. பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இனிமே நானே தினமும்... என் கையாலயே... வீட்டுக்குப் போலாம் செலி" என்றார் ஆவுடை. "வீட்டுக்கு இல்ல" என்றேன். நானே எதிர்பாராத அளவு அமைதியாக வந்தது. "இவனக் கூட்டிக்கிட்டு நான் காசிமேட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க ஏசி இருக்கு, பாத்துக்க ஆளும் இருக்கு. நீங்க வாங்க, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. ஊட்டிட்டுப் போங்க." அவ்வளவு தூரம்... ஒவ்வொரு தடவையுமா? "ஒவ்வொரு தடவையும். பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். மொதல்ல உங்க விரல், பெறகு என் விரல். அவன் என் கையில திங்கிற வரைக்கும் வரணும்." வரேன் என்றார். உடனே சொன்னார். பிறகு, நாடாவின் தலைமேல் குனிந்தபடி, "அதுக்கு அப்புறம்?" என்று கேட்டார். கிண்ணத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.